ராமநாதபுரத்து விளைச்சலும் விலைப் பட்டியலும்

விவசாய விளைபொருள்களின் விலை நிலவரம் இக்காலத்தில் ரகசியமான சங்கதி அன்று. சந்தைகளில் அன்றாடம் பேசி முடிவாகும் விலைகளை மத்திய சர்க்கார் 2000-ம் ஆண்டு முதல் ஒன்று திரட்டி வெளியிட்டு வருகிறது. கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக் கழகத்தார் இன்ன மாதத்தில் இன்ன பொருள் இன்ன விலைக்குப் போகும் என்று முன்கூட்டியே மதிப்பிட்டுச் சொல்கிறார்கள். ராமநாதபுரத்து முண்டு மிளகாயும் அவர்கள் ஆராயும் பொருள்களில் ஒன்று. மாவட்ட அதிகாரிகள் மழை அளவையும் சாகுபடிப் பரப்பையும் விளைச்சலையும் ஆண்டுதோறும் தொகுத்து அச்சிடுகிறார்கள். கணக்குக்குப் பஞ்சமில்லை. ஆயினும் பரமக்குடியிலோ முதுகுளத்தூரிலோ ஒரு சாதாரணக் குடியானவரை நிறுத்தி, "சென்ற வருஷம் மிளகாய் என்ன விலைக்குப் போயிற்று?" என்று கேட்டால், அவர் சொல்லும் விலையும் பட்டியலில் கண்ட விலையும் ஒன்றாக இருப்பதில்லை. அவர் பொய் சொல்லவில்லை. பட்டியலும் பொய் சொல்லவில்லை. இந்த விந்தை எப்படி நேர்கிறது என்பதை விசாரிப்பது நமது கடமையென்று கருதுகிறோம்.

கோர்ட்டில் ஏறும் சாட்சி உண்மையையே சொல்லலாம். ஆனால் கேட்ட கேள்விக்கு மட்டுமே பதில் சொல்வான். கேளாத கேள்விக்குரிய உண்மை அவன் நெஞ்சோடு தங்கிவிடும். விலைப் பட்டியல் என்பதும் அத்தகைய சாட்சிதான். அதைக் குறுக்கு விசாரணை செய்யாமல் தீர்ப்பு எழுதுவது தகாது.

முதலில் அந்தச் சீமையின் இயல்பை வாசகர்கள் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். 1910-ல் மதுரை, திருநெல்வேலி ஜில்லாக்களிலிருந்து பகுதிகளைப் பிரித்தெடுத்து அமைக்கப்பட்டது பழைய ராமநாதபுரம் ஜில்லா. 1985-ல் அதிலிருந்து சிவகங்கையும் விருதுநகரும் தனி மாவட்டங்களாகப் பிரிந்துபோயின. எஞ்சியது கடலை ஒட்டிய வறண்ட பாகம். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூட அங்கே இல்லை. வைகை, கடைமடையான ராமநாதபுரம் பெரிய கண்மாயை வந்து சேரும் வருஷம் நல்ல வருஷம். வருஷத்துக்குச் சராசரியாகச் சுமார் 80 சென்டிமீட்டர் மழை. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்ற மூன்று மாதங்களுக்குள் பெய்து தீர்ந்துவிடும். ஆவணி, புரட்டாசியில் காய்ந்த புழுதியிலேயே நெல்லை விதைத்துவிட்டு, குடியானவர் வானத்தைப் பார்த்துக் காத்திருக்கிறார். விதைத்தபின் ஒரு தூறல் தூறி முளை கிளம்பி, அதற்கப்பால் மூன்று வாரம் வெயில் காய்ந்தால் முளை கருகிவிடும். மறுபடியும் விதைக்க வேண்டும். இரண்டாம் விதைப்புக்குரிய விதையின் விலை எந்தப் பட்டியலிலும் ஏறுவதில்லை.

நல்ல வருஷங்களில் ஒரு லட்சம் ஹெக்டேருக்கு மேல் நெல் விளையும் மாவட்டம் அது. திருவாடானைப் பக்கத்தை அதன் நெற்களஞ்சியம் என்பார்கள். ராஜசிங்கமங்கலத்துக் கண்மாய்க்கு நாற்பத்தெட்டு மடைகள் என்று ஊரார் பெருமையோடு சொல்வதை நாம் கேட்டிருக்கிறோம். மாவட்டம் முழுவதும் கண்மாய்கள் ஆயிரத்துக்கு மேற்பட்டு இருக்கின்றன. ஜமீன் காலத்தில் விளைச்சலில் வாரம் வாங்கிய எஸ்டேட்டுகள் கண்மாய் மராமத்தை அசட்டை செய்தன என்பது அந்நாளைய பெரும் புகார். 1908-ம் வருஷத்து எஸ்டேட் நிலச் சட்டம் குடிகளுக்குச் சில உரிமைகளை அளித்தது. 1937-ல் காங்கிரஸ் மந்திரிசபை ஏற்பட்டபோது பிரகாசம் அவர்கள் தலைமையில் அமைந்த கமிட்டி ஜமீன் குடிகளின் குறைகளை விரிவாக விசாரித்தது. 1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டமும் வந்தது. ஜமீன் போயிற்று, கண்மாயில் வண்டலும் சீமைக் கருவேலமும் நின்றுகொண்டன.

இங்கே ஒரு பழைய செய்தியைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. மேற்கே வீணாய் அரபிக்கடலில் விழும் பெரியாற்று நீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பலாம் என்ற யோசனை பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் முதலில் உதித்தது ராமநாதபுரத்தில்தான். முத்துராமலிங்க சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை அதை ஆராய்ந்து பார்த்தார். செலவு மலைப்பாயிருந்ததால் கைவிடப்பட்டது. ஒரு நூற்றாண்டு கழித்து, 1895-ல், பென்னிகுவிக் துரை அணையைக் கட்டி முடித்தார். தண்ணீர் கிழக்கே வந்தது; மதுரைச் சீமை பசுமை கண்டது. யோசனை தோன்றிய ஊருக்கு இன்னும் கடைமடைப் பங்குதான். காவிரியைக் குண்டாற்றோடு இணைக்கும் திட்டத்துக்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டபோது ராமநாதபுரத்தார் அதிகமாக ஆர்ப்பரிக்கவில்லை என்றால், அதற்குக் காரணம் இந்தச் சரித்திர ஞாபகமே என்று நாம் நினைக்கிறோம்.

இனி விலைக்கு வருவோம்.

அம்மாவட்டத்தின் பணப் பயிர்களில் முதன்மையானது மிளகாய். உருண்டையாய், தடித்த தோலோடு, குங்குமச் சிவப்பாய் இருக்கும் முண்டு மிளகாயை அறியாத சமையலறை தென்னாட்டில் குறைவு. உப்புச் சாயல் கொண்ட நிலத்தில், மழையை மட்டும் நம்பி விளையும் இந்த வகைக்கு 2023 பிப்ரவரியில் புவிசார் குறியீடு கிடைத்தது. புரட்டாசி, ஐப்பசியில் விதைப்பு. மாசியில் பழம் பறிக்கத் தொடங்கி, பங்குனி, சித்திரை, சில இடங்களில் வைகாசி வரையில் பல பறிப்புகள் நடக்கும். பறித்த பழத்தைத் திறந்தவெளிக் களத்தில் பரப்பி வெயிலில் காய வைக்கிறார்கள். அந்த நாட்களில் ஒரு கோடை மழை தூறினால் பழம் நிறம் வெளுத்துப் போகும்; வெளுத்த வற்றலுக்குப் பாதி விலை கேட்கவும் வியாபாரிகள் தயங்குவதில்லை.

மாசி முதல் சித்திரை வரையில் எல்லாக் களங்களிலிருந்தும் மூட்டைகள் ஒரே சமயத்தில் சந்தைக்கு வருகின்றன. அதே மாதங்களில்தான் ஆந்திரத்திலிருந்தும் வற்றல் மலைமலையாகக் குண்டூர் மண்டிக்கு வந்து குவிகிறது. மசாலாப் பொடி அரைக்கும் பெரிய கம்பெனிக்காரர் இரண்டு ஊர் விலையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேரம் பேசுகிறார். ஆகவே குடியானவர் கையில் சரக்கு நிரம்பியிருக்கும் காலத்தில் விலை அடித்தளத்தில் கிடக்கிறது. ஆவணிக்குப் பிறகு வரத்து சுருங்கச் சுருங்க விலை ஏறுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் உச்சிக்குப் போகிறது. அப்போது சரக்கு இருக்குமிடம் வியாபாரியின் கிடங்கு.

மாத விலைகளைக் கூட்டி மாதங்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பெறும் சராசரி இங்கேதான் நம்மை ஏமாற்றுகிறது. ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். நூறு குவிண்டால் வற்றலில் எழுபது, குவிண்டால் 12,000 ரூபாய் வீதம் அறுவடைக் காலத்தில் விற்றது. இருபது, நடுக்காலத்தில் 15,000 ரூபாய்க்கு. மிச்சம் பத்து, கடைசிக் காலத்தில் 20,000 ரூபாய்க்கு. மூன்று காலத்து விலைகளையும் கூட்டி மூன்றால் வகுத்தால் சராசரி 15,667 ரூபாய் வருகிறது. ஆனால் எந்தக் காலத்தில் எவ்வளவு சரக்கு விற்றது என்பதைச் சேர்த்துக் கணக்கிட்டால் சராசரி 13,400 ரூபாய்தான். குவிண்டாலுக்கு 2,267 ரூபாய் காகிதத்தில் மட்டும் விளைந்த பணம்! அது மட்டுமா? கடைசிப் பத்துக் குவிண்டாலை 20,000 ரூபாய்க்கு விற்றவர் பெரும்பாலும் உழவர் அல்லர். அந்தப் பத்தையும் நீக்கிவிட்டால் குடியானவர் கண்ட சராசரி 12,667 ரூபாய்க்கு இறங்கிவிடும். "மிளகாய் விலை நன்றாகத்தானே இருக்கிறது" என்று பட்டணத்தில் உட்கார்ந்துகொண்டு சொல்பவர்கள் பதினையாயிரத்துச் சொச்சத்தைப் பார்த்துப் பேசுகிறார்கள். பரமக்குடிக் குடியானவர் பன்னிரண்டாயிரத்துச் சொச்சத்தை எண்ணி வாங்கியவர்.

ஆகையால் நாம் முதலில் கேட்பது பெரிய தருமம் ஒன்றும் அன்று. விலையோடு வரத்தும் பக்கத்திலேயே எழுதப்பட வேண்டும். மாதச் சராசரி வரத்தின் எடையைக் கொண்டே போடப்பட வேண்டும். சந்தைக்கு வந்த அளவு தினந்தோறும் பதிவாகத்தான் செய்கிறது. பதிவானதைப் பயன்படுத்தும் மனம்தான் வேண்டும்.

குடியானவர் ஏன் ஐப்பசி வரையில் காத்திருக்கக் கூடாது என்று கேட்கும் புத்திமான்கள் இருக்கிறார்கள். காத்திருக்கலாம், கடன்காரர் காத்திருந்தால். விதைக்கும் உரத்துக்கும் பறிப்புக் கூலிக்கும் கமிஷன் மண்டியிலிருந்தே முன்பணம் வாங்குகிற வழக்கம் அங்கே வேரூன்றியிருக்கிறது. முன்பணம் கொடுத்த மண்டிக்கே சரக்கைப் போட வேண்டும் என்பது எழுதாத ஒப்பந்தம். எழுதிய ஒப்பந்தமானால் கோர்ட்டில் வாதாடிப் பார்க்கலாம். எழுதாத ஒப்பந்தத்தை எந்த வக்கீலாலும் உடைக்க முடியாது. இதோடு, மூட்டைக்கு இவ்வளவு என்று சாக்குக் கழிவு, ருசி பார்க்கவும் நிறம் பார்க்கவும் அள்ளும் மாதிரிக் கழிவு, கமிஷன், ஏற்று இறக்குக் கூலி என்று பிடித்தங்கள் நீளும். பட்டியலில் காணும் விலை இவையெல்லாம் கழிவதற்கு முந்திய விலை.

இந்தக் குறைகளைப் போக்கவே 1933-ல் சென்னை மாகாணத்தில் வியாபாரப் பயிர்ச் சந்தைச் சட்டம் இயற்றப்பட்டது; அதன் கீழ் 1936-ல் திருப்பூரில் பருத்திக்கு முதல் ஒழுங்குமுறைச் சந்தை ஏற்பட்டது. சரியான எடை, பகிரங்க ஏலம், உடனடிப் பணம் என்ற மூன்றும் அன்றைய நோக்கம். தொண்ணூறு வருஷங்கள் ஆகியும் இந்த மூன்றையுமே நாம் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். விற்பனைக் கூடங்களில் பொருளை ஈடாக வைத்து அதன் மதிப்பில் ஒரு பகுதியைக் கடனாகப் பெறும் ஏற்பாடு இருப்பது உண்மை. குளிர்பதனக் கிடங்குகளும் கட்டப்பட்டுள்ளன. ஆனால் ஐந்து மூட்டையோ பத்து மூட்டையோ வைத்திருக்கும் சிறு குடியானவர், அதை வண்டி வைத்துக் கிடங்குக்குக் கொண்டுபோய், ரசீது வாங்கி, கடன் எழுதி, மண்டியின் பழைய பாக்கியை அடைத்துவிட்டு வீடு திரும்ப எத்தனை நாள் ஆகிறது என்று எந்த அதிகாரியாவது ஒரு தடவை கூடவே நடந்து பார்த்திருக்கிறாரா? கிடங்கு அவருடைய களத்துக்கு அருகே, அவர் உறுப்பினராயுள்ள கூட்டுறவுச் சங்கத்தின் பொறுப்பில் இருந்தாலன்றி, அது வியாபாரிக்கே வாய்த்த வசதியாகும்.

நெல்லுக்கு ஆதார விலை உண்டு. 2025-26 பருவத்துக்கு ராஜ்ய சர்க்காரின் ஊக்கத் தொகையும் சேர்த்து, சாதாரண ரகம் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய், சன்ன ரகம் 2,545 ரூபாய் என்று விதிக்கப்பட்டது. பருத்திக்கும் உண்டு, அதே பருவத்தில் நடுத்தர இழைக்கு 7,710 ரூபாய். ஆயினும் 2025 ஆகஸ்டில் அந்நிய பஞ்சின் மீதிருந்த பதினொரு சதவிகித இறக்குமதி வரி டிசம்பர் முடிய நீக்கப்பட்டதை மறந்துவிடலாகாது. ஒரு கையால் ஆதாரம் கொடுத்து மறு கையால் வாசலைத் திறந்துவிடும் வித்தை அது. மிளகாய்க்கோ ஆதார விலையே கிடையாது. ஆதார விலை நிர்ணயிக்கும் பயிர்களின் வரிசையில் அதற்கு இடமில்லை. 2025 பிப்ரவரியில் குண்டூரில் விலை வீழ்ந்து ஆந்திர உழவர்கள் கூச்சலிட்டபோது, மத்திய சர்க்கார் சந்தைத் தலையீட்டுத் திட்டத்தின் கீழ் குவிண்டாலுக்கு 11,781 ரூபாய் என்று அந்த ராஜ்யத்து மிளகாய்க்கு ஒரு விலையை நிர்ணயித்தது. அதை நாம் குறை கூறவில்லை; ஆந்திரத்துச் சகோதரர்களுக்குக் கிடைத்தது நியாயமே. கூச்சலிடத் தெரிந்தவர்களுக்குக் கிடைத்தது என்பதை மட்டும் நமது சட்டசபை அங்கத்தினர்களும் பார்லிமெண்ட் அங்கத்தினர்களும் கவனிப்பார்களாக.

விலை வீழ்ச்சி இந்தச் சீமைக்குப் புதிதும் அன்று. 1929-ல் அமெரிக்காவில் தொடங்கிய வியாபார மந்தம் இங்கே வந்து தாக்கியபோது, இரண்டு மூன்று வருஷங்களுக்குள் நெல் விலை ஏறக்குறையப் பாதியாகிவிட்டது. ஆனால் கிஸ்தும் வட்டியும் பாதியாகவில்லை. பர்மா அரிசி கப்பல் கப்பலாக வந்து இறங்கிய காலம் அது. 1942-ல் பர்மா ஜப்பானியர் வசமானதும் அரிசி வரத்து நின்று, நாட்டில் பங்கீடு வந்தது. பாக் ஜலசந்திக்கு அக்கரையிலும் ஒரு பாடம் இருக்கிறது. 1970-க்குப் பின் இலங்கைச் சர்க்கார் மிளகாய், வெங்காயம் முதலியவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது யாழ்ப்பாணத்துத் தமிழ் உழவர்கள் சில வருஷங்கள் செழித்தார்கள். 1977-க்குப் பிறகு அக்கட்டுப்பாடு தளர்ந்ததும் அவர்கள் கையிலிருந்த லாபம் கரைந்தது. உழவனின் உழைப்பு அந்த ஏழெட்டு வருஷங்களில் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மாறியது கொழும்பில் போட்ட ஒரு கையெழுத்து.

விளைச்சல் கணக்கைப் பற்றியும் சில வார்த்தை சொல்ல வேண்டும். நமது அபிப்பிராயத்தில் இது விலைக் கணக்கைக் காட்டிலும் உயிருக்கு நெருக்கமான விஷயம். வெள்ளையர் காலத்தில் விளைச்சலை அணாவில் சொல்வார்கள். பதினாறணா என்றால் முழு விளைச்சல். எட்டணா என்றால் பாதி. கர்ணம் வரப்பில் நின்று கண்ணால் மதிப்பிடுவதுதான் அளவுகோல். நில வரி வஜா கேட்கும் வருஷங்களில் அவர் கண்ணுக்குப் பயிர் சற்றுச் செழிப்பாகவே தெரியும் என்று குடிகள் கேலி செய்ததுண்டு. 1940-களில் மஹலனோபிஸ், சுகாத்மே முதலிய புள்ளிவிவர நிபுணர்களின் முயற்சியால், குலுக்கல் முறையில் வயலைத் தேர்ந்து, ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் போன்ற சிறு சதுரத்தை அறுத்து, அடித்து, நிறுத்துப் பார்க்கும் முறை பரவியது. கண் மதிப்பைவிட இது எத்தனையோ மேல். இன்று பயிர் இன்ஷ்யூரன்ஸ் நஷ்ட ஈடும் இந்தச் சதுரத்தையே நம்பியிருக்கிறது. 2016-ல் தொடங்கிய பிரதம மந்திரி திட்டத்தின்படி, ஒரு வருவாய்க் கிராமமோ குறுவட்டமோ ஓர் அலகு. அந்த அலகின் சராசரி மகசூல் குறைந்தால்தான் அதிலுள்ளவர்களுக்குப் பணம்.

அந்த முதல் வருஷமே சோதனை வந்தது. 2016-ல் வடகிழக்குப் பருவமழை அறுபது சதவிகிதத்துக்கு மேல் பொய்த்தது. 2017 ஜனவரியில் தமிழ்நாடு முழுவதும் வறட்சி என்று அறிவிக்கப்பட்டது. அப்படி எல்லார் பயிரும் சேர்ந்து கருகும் வருஷத்தில் சராசரி உண்மையைச் சொல்லிவிடும். கண்மாய்க்கு அருகில் உள்ள பத்து வயல் பிழைத்து, கடைமடையில் உள்ள முப்பது வயல் கருகும் வருஷத்தில்தான் தொல்லை. அறுவடைக்குத் தேர்ந்த சதுரங்கள் மேல்மடையில் விழுந்தால் கடைமடைக்காரனுக்கு ஒன்றுமில்லை. மிகு மழையிலும் இதே கதை. 2024 நவம்பர் 20-ந் தேதி ராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. மாவட்டத்தின் ஓராண்டு மழையில் இது பாதி. ஆண்டுக் கணக்கில் அந்த வருஷம் "மழை போதுமானது" என்றுதான் தெரியும். ஒரே பகலில் பெய்து கடலுக்கு ஓடிய நீர் எந்த நாற்றுக்குப் பயன்பட்டது என்பதைச் சராசரி சொல்லாது.

ராமேசுவரம் தீவைப் பற்றி விவசாயக் கணக்கில் அதிகம் எழுத இடமில்லை. தென்னையும் பனையும் தவிர அங்கே விளைவது கடலில்தான். மீன் விலை வேளாண் பட்டியலில் சேர்வதுமில்லை. சாயல்குடிப் பக்கத்துப் பனங்கருப்பட்டியும் அப்படியே பட்டியலுக்குப் புறம்பாக நிற்கிறது. இதைவிட வேடிக்கை, முதுகுளத்தூர், கமுதிப் பக்கத்தில் எத்தனையோ குடும்பங்கள் உண்மையில் உயிர் வாழ்வது சீமைக் கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டு விற்கும் கரியினால். அது பயிர் அன்று. பயிரைத் தின்ற பூதம். அதை வேரோடு களைய வேண்டுமென்று ஹைக்கோர்ட்டு மதுரைக் கிளை உத்தரவிட்டதையும் நாம் பார்த்தோம். ஆயினும் மழை பொய்த்த வருஷத்தில் குழந்தைகளின் வயிற்றைக் கழுவுவது அந்தக் கரி மூட்டைதான். தரிசு எவ்வளவு ஏறியது என்ற எண்ணையும் கரி மூட்டை என்ன விலை போயிற்று என்ற எண்ணையும் ஒரே காகிதத்தில் எழுதினால், அந்தச் சீமையின் விவசாயம் எப்படி நடக்கிறது என்பது ஒரு பார்வையில் விளங்கிவிடும். அப்படி ஒரு காகிதத்தை யாரும் இதுவரையில் நமக்குக் காட்டியதில்லை.

ஆகவே ராமநாதபுரத்துப் பொதுஜன ஊழியர்களுக்கு ஒரு வேலை சொல்கிறோம். மேடைகளில் காவிரி-குண்டாறு பற்றி முழங்கட்டும், அதுவும் வேண்டியதே. அதோடு, மாசி மாதம் புது வற்றல் சந்தைக்கு வரும் நாள் முதல், தங்கள் ஊர்க் குடியானவர் ஒவ்வொருவரும் எத்தனை மூட்டை போட்டார், என்ன விலை பேசப்பட்டது, கழிவு போகக் கைக்கு வந்தது எவ்வளவு, பணம் எத்தனை நாள் கழித்து வந்தது என்ற நான்கு விவரங்களை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வரட்டும். ஊருக்கு ஒருவர் போதும். எழுதப் படிக்கத் தெரிந்த இளைஞர் எந்தக் கிராமத்தில் இல்லை? அறுவடைச் சோதனைக்குச் சதுரம் தேர்ந்தெடுக்கப்படும் அன்று ஊரார் பத்துப் பேர் அந்த வயலில் நிற்கட்டும். நிறுத்த எடையை அதே நோட்டில் குறித்துக்கொள்ளட்டும். அந்த எடையைப் பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் ஒட்டும்படி கலெக்டரைக் கேட்கட்டும். மறுப்பதற்கு அவருக்கு நியாயமான காரணம் ஏதும் இருப்பதாக நமக்குத் தெரியவில்லை. வைகாசி முடிவில் ஒரு தாலுக்காவின் நோட்டுகளையாவது சேர்த்து, சர்க்கார் பட்டியலுக்குப் பக்கத்தில் வைத்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்கிட்டு அச்சிடட்டும். அச்சிடும் செலவுக்கு அவர்கள் அஞ்ச வேண்டாம். இந்தப் பத்திரிகையின் பத்திகள் அதற்குத் திறந்திருக்கின்றன.